பிராண்டட் டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அலுவலகங்களில் சில வருடம் ஓடி, பிறகு செகண்ட் ஹேண்டில் வீட்டுக்கு வந்து சேரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரியான கணினிகளுக்கானது இந்த வழிகாட்டி. அசெம்பிள் செய்த கணினியில் எல்லா பாகமும் பொது அளவில் இருப்பதால் கார்டு சேர்ப்பது எளிது. பிராண்டட் பெட்டியிலோ எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பாகம்), கேபினட், பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) மூன்றும் கம்பெனி தன் வசதிக்குச் செய்தவை. புதிதாக இறங்குபவர்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

பெரும்பாலானவர்கள் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். மின்சாரம், இடம், ஸ்லாட், மானிட்டர் ஆகிய நான்கையும் பார்த்து முடித்தால், உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் கார்டுகள் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். எதை வாங்குவது என்ற குழப்பமும் அதோடு தீரும்.

கையில் இருக்க வேண்டியவை: நடுத்தர அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், அளவு டேப், டார்ச், சாமான்களை விரித்து வைக்க ஒரு மேசை. கம்பளம் விரித்த தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

1. மாடல் பெயரை முழுதாக எடுங்கள்

"ஆப்டிபிளெக்ஸ் 7050" என்றால் அது பாதிப் பெயர். அதே எண்ணில் டவர், எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லிப் பெட்டி, கையளவு மைக்ரோ என்று மூன்று உடல்கள் உண்டு. டவரில் 240 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கும். எஸ்எஃப்எஃப்-இல் 180 வாட்தான். மைக்ரோவுக்கு லேப்டாப் போல அடாப்டர் மட்டுமே; கார்டு செருக ஸ்லாட்டே கிடையாது. எச்பி மினி, லெனோவோ டைனி வகைப் பெட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால் கார்டுக்குச் செலவிடாதீர்கள்.

டெல்லில் சர்வீஸ் டேக், மற்றவற்றில் சீரியல் எண் பெட்டியின் பின்னாலோ மேலேயோ ஒட்டியிருக்கும். அதைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைக்கும். அதில் எஸ்எம்பிஎஸ், விரிவாக்க ஸ்லாட் பற்றிய இரண்டு பக்கங்களைப் படித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சில ஒல்லிப் பெட்டிகளில் ஸ்லாட்டில் செருகும் கார்டுக்குக் கம்பெனியே 75 வாட்டுக்குக் குறைவான வரம்பு வைத்திருக்கும். அந்த எண் அங்கேதான் எழுதியிருக்கும்.

2. எஸ்எம்பிஎஸ் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. தவறான கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் தடுக்கியது இங்கேதான்.

பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு லேபிள் தெரியும். அதில் மொத்த வாட், 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்ற இரண்டு எண்கள் வேண்டும். கார்டும் பிராசசரும் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 192 வாட். மொத்தம் 240 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அந்த 192தான். 12விஏ, 12விபி என்று இரண்டு வரிகள் பிரித்துக் காட்டியிருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பதையே எடுங்கள்.

இனி செலவுப் பக்கம். ஐ5-6500 பிராசசருக்கு 65 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 வைத்துக்கொள்ளலாம். 75 வாட் கார்டு சேர்த்தால் மொத்தம் 180. 240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இது 75 சதவீதம், மேலே பார்த்த 192-க்குள்ளும் அடங்கும்; ஓடும். இதையே 180 வாட் எஸ்எஃப்எஃப் பெட்டியில் போட்டால் கையிருப்பே இல்லை. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி பொட்டென்று அணையும். மொத்தச் செலவு எஸ்எம்பிஎஸ் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் ஓடிய எஸ்எம்பிஎஸ் புதிதாக இருந்தபோது கொடுத்த அளவை இப்போதும் கொடுக்கும் என்று எண்ண முடியாது. நம் ஊர் வெயிலும் அதற்குச் சாதகமாக இல்லை.

புதிய பிராசசர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐ5-12400-க்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள். டர்போவில், அதாவது வேகம் உச்சத்துக்குப் போகும்போது, அது 117 வரை போகும். ஐ7-12700-க்கும் அடிப்படை 65தான், உச்சம் 180. கணக்கில் உச்ச எண்ணையே எடுங்கள்.

அடுத்து இணைப்பான்கள். ஸ்லாட் வழியாகவே ஒரு கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் போக வேண்டும்: 6 பின் என்றால் கூடுதலாக 75 வாட், 8 பின் என்றால் 150. அலுவலகக் கணினிகளில் இந்த வயர் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால், வயர் தேவைப்படாத கார்டுதான் உங்களுக்கு உரியது.

"சாட்டா வயரிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் வயர்) 6 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் போதாதா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். போடாதீர்கள். சாட்டா இணைப்பானில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தமே 54 வாட். 75 வாட் கேட்கும் 6 பின்னை அதில் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் உருகும், கருகிய வாடை வரும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பல புதிய பிராண்டட் பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க்குக்கான மின்சாரமே மதர்போர்டிலிருந்துதான் வருகிறது. அங்கிருந்து கார்டுக்கு இழுத்தால் போர்டே போய்விடும்.

பிராசசருக்குப் போகும் 8 பின் வேறு, கார்டுக்குப் போகும் 8 பின் வேறு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அழுத்தித் திணித்தால் ஷார்ட். கார்டுக்கான வயர் பெரும்பாலும் 6+2 என்று பிரியும். பிராசசருக்கானது 4+4 என்று பிரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாமா? முடியும், ஆனால் கடையில் ஒன்று வாங்கி மாட்டுகிற மாதிரி இல்லை. பொதுவான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் இணைப்பான், ஆப்டிபிளெக்ஸ் 9020 போர்டின் 8 பின்னிலோ பல திங்க்சென்டர்களின் 14 பின்னிலோ நேராக உட்காராது. அந்தந்த மாடலுக்கான கன்வெர்ட்டர் வயர் தேவை. பெட்டியின் அளவும் ஸ்க்ரூ துளைகளும் பொருந்த வேண்டும். ஒல்லிப் பெட்டிகளில் இது நடக்காத காரியம். டவர் என்றால், எஸ்எம்பிஎஸ், கன்வெர்ட்டர், பெரிய கார்டு மூன்றின் விலையையும் கூட்டி, அதே பணத்துக்கு வேறு கணினி கிடைக்குமா என்று ஒருமுறை பாருங்கள்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு: 600 விஏ என்று விற்கப்படுவது பெரும்பாலும் 360 வாட்தான். 75 வாட் கார்டைத் தாங்கும்; ஆனால் கரண்ட் போன பிறகு கிடைக்கும் நிமிடங்கள் குறையும்.

3. டேப் வைத்து அளங்கள்

மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது நீளம்: பின்பக்கத் தகட்டின் உட்புறத்திலிருந்து, கார்டு போகும் வழியில் முதலில் இடிக்கும் பொருள் வரை. அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் கூண்டாக இருக்கும். கிடைத்த எண்ணில் 10 மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். கார்டைச் சாய்த்து உள்ளே இறக்க அந்த இடைவெளி தேவைப்படும்.

இரண்டாவது உயரம். ஒல்லிப் பெட்டியின் பின்புறத் துளை சுமார் 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்கு லோ புரொஃபைல் எனப்படும் குட்டையான கார்டு வேண்டும். லோ புரொஃபைல் கார்டுகள் பலவற்றில் நெட்டைத் தகடு மாட்டி, குட்டைத் தகட்டை டப்பாவில் தனியாகப் போட்டிருப்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்தக் குட்டைத் தகடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது தடிமன். ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர். இரட்டை ஸ்லாட் கார்டு பக்கத்து ஸ்லாட்டையும் மறைக்கும். அங்கே வைஃபை கார்டு செருகியிருந்தால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். யுஎஸ்பி வைஃபைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஸ்லாட்டே இல்லாமல் எஸ்எம்பிஎஸ் சுவர் இருந்தால் ஒற்றை ஸ்லாட் கார்டு தவிர வேறு வழியில்லை. ஃபேன் சுவரில் முட்டி நிற்காவிட்டாலும் காற்று இழுக்க 5 மில்லிமீட்டராவது வேண்டும்.

4. எந்த ஸ்லாட்?

சில போர்டுகளில் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். பின்கள் கடைசி வரை இருந்தால் அது உண்மையான எக்ஸ்16, அதாவது தரவு போய்வர 16 பாதைகள். முன்பகுதியோடு நின்று மற்றது வெறுமையாக இருந்தால் எக்ஸ்4. உடல் நீளமாக இருந்தாலும் பாதை குறுகல். பெரும்பாலும் பிராசசருக்கு அருகில் இருப்பதே எக்ஸ்16. போர்டிலும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, 4.0 வேறுபாடு இங்கே ஒரே ஒரு காரணத்துக்காக முக்கியம். எந்தக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் ஓடும்; வேகம்தான் குறையும். ஆனால் ரேடியான் ஆர்எக்ஸ் 6400, நீளமான ஸ்லாட்டில் செருகினாலும், நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. 4.0 ஸ்லாட்டில் அது நொடிக்கு சுமார் 8 ஜிபி, 3.0-இல் பாதி. அதன் மெமரி 4 ஜிபிதான். அது நிரம்பும்போது இந்தக் குறுகலான வழியாகத்தான் ராமுக்குப் போய்வர வேண்டும், கேம் அங்கே தடுமாறும். இன்டெல் பத்தாம் தலைமுறை வரைக்கும் 3.0தான் என்பதால், பழைய அலுவலகப் பெட்டிகளுக்கு இந்தக் கார்டு இரண்டாம் தேர்வாகவே இருக்கட்டும்.

5. மானிட்டரின் முதுகைப் பாருங்கள்

நீல நிற விஜிஏ மட்டுமே உள்ள பழைய மானிட்டர் என்றால், இன்றைய கார்டுகளில் அந்த வாய் கிடையாது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்தோ எச்டிஎம்ஐயிலிருந்தோ விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். டிவிஐ-டி வாயில் வெறும் பின் மாற்றும் மலிவு முனை போட்டால் படம் வராது. அந்த வாயில் அனலாக் சிக்னலே இல்லை.

6. இப்போது கார்டு

தனி வயர் இல்லாமல், ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுகளில் பயனுள்ளவை இவை.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி: 70 வாட். இந்த வகையில் இதுவே முதல் தேர்வு. லோ புரொஃபைல் வடிவிலும் வருகிறது. இதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது. அது 130 வாட், தனி வயர் கேட்கும், சிப்பும் பெரியது. கடையில் "3050" என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று சொல்ல முடியாது. 6 ஜிபி என்று சொல்லி வாங்குங்கள்.

ஜிடிஎக்ஸ் 1650: 75 வாட், 4 ஜிபி. இதே பெயரில் சில தயாரிப்புகளுக்கு 6 பின் வயர் தேவை, சிலவற்றுக்குத் தேவையில்லை. டப்பாவில் இருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்டின் மேல் விளிம்பு தெரியும் படத்தைக் கேளுங்கள். கறுப்பு இணைப்பான் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 75 வாட், 4 ஜிபி. செகண்ட் ஹேண்டில் மலிவு. ஆனால் இந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், 2028 அக்டோபர் வரை. இதில் போலிகளும் அதிகம்: ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கிறார்கள். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 768 கோர் காட்ட வேண்டும். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜிடி 1030: 30 வாட். 180 வாட் பெட்டிக்கும் பயமில்லாமல் போடலாம். ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதையே வாங்குங்கள். டிடிஆர்4 போட்டு அதே பெயரில் வரும் கார்டு வேகத்தில் மிகவும் பின்தங்கியது.

இன்டெல் ஆர்க் ஏ380 பக்கம் போகும் முன், உங்கள் பயாஸில் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஆர்க் தன் வேகத்தில் கணிசமான பகுதியை இழக்கும். பழைய அலுவலகப் பெட்டிகளில் இந்த வசதி பொதுவாக இருக்காது.

வேகமான கார்டு வாங்கினால் எல்லாம் வேகமாகும் என்றும் இல்லை. 8 ஜிபி ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

7. கார்டைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

கார்டு செருகுவதற்கு முன்பே, பழைய டிஸ்ப்ளே நன்றாக வேலை செய்யும்போதே இவற்றை முடியுங்கள். படம் வராத கணினியில் செட்டிங் மாற்ற வழியில்லை.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள். பயாஸை மாற்றிய பிறகு விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். அந்த நேரத்தில் தேடினால் கையில் கிடைக்காது.

பிறகு, கம்பெனி தளத்தில் உள்ள புதிய பயாஸைப் போடுங்கள். பழைய பயாஸ் புதிய கார்டை அடையாளம் காணாமல் விட்ட நிகழ்வுகள் உண்டு. கரண்ட் போய்வரும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். பாதியில் நின்றால் போர்டு எழுந்திருக்காது.

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய துவக்க முறை) என்றிருந்தால் நல்லது. லெகசி (பழைய முறை) என்றிருந்தால், முக்கியமாக 2012-க்கு முந்தைய போர்டாக இருந்தால், புதிய கார்டுகள் படம் காட்டாமல் போகலாம். லெகசியில் நிறுவிய விண்டோஸை வைத்துக்கொண்டு பயாஸில் மட்டும் யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் துவங்காது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும்.

பயாஸுக்குள் போய் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) என்ன என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டெல் பெட்டிகள் பல 'ரெய்ட் ஆன்' என்ற அமைப்பில் வருகின்றன. பிறகு எதற்காவது பேட்டரி கழற்றி பயாஸ் ரீசெட் ஆனால் இது மாறிவிடலாம்; விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். கார்டுதான் கெடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த ஒரு வரிதான் காரணம்.

கடைசியாக, கார்டுக்கான டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். கணினியில் ஏற்கெனவே வேறு கார்டு இருந்தால் அதன் டிரைவரை நீக்குங்கள். இன்டெல் ஆன்போர்டு (கணினியோடே வந்த கிராபிக்ஸ்) டிரைவரைத் தொட வேண்டாம்.

8. கார்டைச் செருகுதல்

ஷட்டவுன் செய்து, மின் வயரைப் பின்னாலிருந்து பிடுங்குங்கள். மானிட்டர் கேபிள், லேன் கேபிளையும் எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள். இடையில் எழுந்து நடந்து வந்தால் மறுபடியும் தொடுங்கள்.

பின்பக்கத் தகட்டைத் திறக்க ஸ்க்ரூ தேட வேண்டியதில்லை. பிராண்டட் பெட்டிகளில் பெரும்பாலும் கதவு போல மடங்கும் பிடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கி, எந்த ஸ்லாட்டோ அதற்கு நேரான மூடித் தகட்டை எடுங்கள். இரட்டை ஸ்லாட் கார்டு என்றால் இரண்டு தகடுகள்.

ஸ்லாட்டின் முனையில் உள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கியை விலக்குங்கள். கார்டின் தங்க நிற விளிம்பைத் தொடாமல் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். தகட்டின் அடியில் உள்ள நாக்கு, மதர்போர்டுக்கும் கேபினட் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் இறங்க வேண்டும். அந்த நாக்கு போர்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இது அடிக்கடி நடக்கிறது. நேராக இறக்கி, இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி 'டக்' என்று விழும்.

விழுந்த பிறகு கண்ணைக் கிட்டே கொண்டுபோய் பாருங்கள். தங்கப் பட்டை முழு நீளத்துக்கும் மறைந்திருக்க வேண்டும். ஒரு முனையில் நூல் அளவு பளபளத்தாலும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகே ஸ்க்ரூவையோ பிடியையோ பூட்டுங்கள். ஸ்க்ரூ முடுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே எழும்பலாம்; முடுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

சாட்டா வயர் எதுவும் ஃபேனில் உரசாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். கார்டின் மேல் ஒட்டியுள்ள பாதுகாப்புத் தாளையும் வாய்களில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளையும் எடுத்துவிட்டீர்களா?

9. முதல் முறை ஆன் செய்யும்போது

மானிட்டர் கேபிளை கார்டின் வாயில் செருகுங்கள். கேபினட்டின் பின்னால் செங்குத்தாக யுஎஸ்பிக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் வாய். கார்டின் வாய்கள் ஸ்லாட் வரிசையில் இருக்கும். "கார்டு வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்தக் கேபிள் பழைய வாயிலேயே இருப்பதுதான்.

முதல் துவக்கம் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும். படம் பெரிய எழுத்துகளோடு மங்கலாக வரும்; டிரைவர் இல்லாததால் அப்படி. இணையம் இணைந்திருந்தால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட ஆரம்பிக்கும், திரை இரண்டு மூன்று முறை அணைந்து எரியும். பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். பத்து நிமிடம் விட்டு, அமைதியான பிறகு நீங்கள் இறக்கி வைத்த டிரைவரைப் போடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் இன்ஸ்டாலர் பிழை காட்டி நிற்கும்.

ரீஸ்டார்ட் செய்த பிறகு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் 60-க்குப் போயிருக்கும். உங்கள் மானிட்டர் 75 அல்லது 144 என்றால் மறுபடி மாற்றுங்கள். சத்தம் வரவில்லை என்றால், விண்டோஸ் ஆடியோவை எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். ஸ்பீக்கர் ஐகானை அழுத்திப் பழைய வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

10. மூடியைப் போட்டுச் சோதியுங்கள்

திறந்த பெட்டியில் செய்த சோதனை செல்லாது. மூடியைப் பூட்டி, கேம் அல்லது சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டுங்கள். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் கார்டின் வெப்பத்தைக் கவனியுங்கள். 65 முதல் 80 டிகிரி வரை என்றால் கவலையில்லை. 83-ஐத் தொட்டு நின்றால் கார்டு தானே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்திருக்கும். பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறதா, முன்பக்கத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும்; மின்சாரம் சேமிக்க அப்படிக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மையான எண் வரும். ஜிடிஎக்ஸ் 1650-க்கு எக்ஸ்16, ஆர்டிஎக்ஸ் 3050-க்கு எக்ஸ்8 என்பதே சரியான அளவு. இவற்றில் எக்ஸ்4 அல்லது எக்ஸ்1 என்று வந்தால், தவறான ஸ்லாட்டில் இருக்கிறது அல்லது சரியாக உட்காரவில்லை.

11. பிரச்சினை வந்தால், இந்த வரிசையில்

டிஸ்ப்ளே வரவில்லை, ஃபேன் சுற்றுகிறது: கேபிள் கார்டில்தானா? மானிட்டரில் இன்புட் சரியான வாய்க்கு மாறியிருக்கிறதா? இரண்டும் சரி என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, கார்டை எடுத்து மறுபடி செருகுங்கள். அப்போதும் இல்லையென்றால் கார்டை முழுதாக வெளியே எடுத்து ஆன்போர்டில் துவக்குங்கள். பயாஸில் பிரைமரி டிஸ்ப்ளேயை ஆட்டோ அல்லது பிஇஜி (ஸ்லாட்டில் உள்ள கார்டு) என்று மாற்றி, மறுபடி முயலுங்கள். மிகப் பழைய கார்டைப் புதிய பெட்டியில் போட்டிருந்தால் செக்யூர் பூட் அதைத் தடுக்கும். தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

கணினி ஆனே ஆகவில்லை: கார்டை எடுத்ததும் ஆன் ஆகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை அல்லது கார்டில் ஷார்ட். இரண்டாம் படிக் கணக்கை மறுபடி பாருங்கள்.

கேமின் நடுவில் பொட்டென்று அணைந்து மீண்டும் துவங்குகிறது, நீலத் திரை இல்லை: ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று மட்டும் இருந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இது தீராது. திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் வந்து பிறகு உறைந்தால் சந்தேகம் கார்டின் மேல்.

கேம் திக்கித் திக்கி ஓடுகிறது: டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 100 சதவீதமும் கார்டு 50 சதவீதமும் காட்டினால் கார்டில் குறை இல்லை; பிராசசரால் ஈடுகொடுக்க முடியவில்லை. கேமின் கிராபிக்ஸ் தரத்தைக் குறைத்தாலும் இது சரியாகாது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் திக்கல் குறையும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43: புதிய கார்டு என்றால் மற்ற கார்டுகளின் டிரைவர் மிச்சங்களை சேஃப் மோடில் டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 470, 570, 580 என்றால் மைனிங் (கிரிப்டோ நாணயம் எடுக்கும் வேலை) செய்தவர்கள் கார்டின் பயாஸை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது. அசல் பயாஸை விற்றவரே திருப்பி ஏற்றித் தரட்டும், அல்லது கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.

எதுவும் புரியவில்லை என்றால் நண்பரின் கணினியில், 450 வாட்டுக்கு மேல் நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ளதில், கார்டை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் பெட்டியில். அங்கேயும் ஓடாவிட்டால் கார்டில். கடையின் மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். டப்பா, குட்டைத் தகடு, பில் எதையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.